தோற்றவர் வீட்டைவிட்டுப் போக முடியாது: காதல் கதைகளில் உடன்பிறப்புகள்

முக்கோணக் காதலில் மூன்றாவது ஆளைக் கழற்றிவிடுவது எழுத்தாளருக்குப் பெரிய வேலை இல்லை. வெளியூருக்கு மாற்றலாம், கப்பலேற்றலாம், கடைசி அத்தியாயத்தில் பெருந்தன்மையோடு வாழ்த்துச் சொல்ல வைக்கலாம். கதவு சாத்தியதும் வாசகரும் மறந்துவிடுவார். அந்த மூன்றாவது ஆள் நாயகியின் தங்கையாகவோ நாயகனின் அண்ணனாகவோ இருந்துவிட்டால் இந்த உபாயம் எதுவும் பலிக்காது. கல்யாணத்தில் அவர் இருப்பார். பிறக்கிற குழந்தைக்குச் சித்தியாகவோ பெரியப்பாவாகவோ இருப்பார். அம்மா படுத்த படுக்கையானால் மருத்துவமனை வராந்தாவில் பக்கத்து நாற்காலியில் அவர்தான் உட்கார்ந்திருப்பார்.

காதல் நாவலுக்கு இது பெரிய தலைவலி. 1980இல் தொடங்கிய அமெரிக்க ரொமான்ஸ் எழுத்தாளர் சங்கம் இந்த வகைக்கு இரண்டே நிபந்தனைகள் வைத்தது: கதையின் மையத்தில் ஒரு காதல் வேண்டும், மனநிறைவும் நம்பிக்கையும் தரும் முடிவு வேண்டும். முதலாவது எளிது. இரண்டாவதில்தான் உடன்பிறப்பு குறுக்கே நிற்கிறது. அக்கா அழுதுகொண்டிருக்கும் வீட்டில் தங்கைக்குக் கிடைத்த மனநிறைவை வாசகர் எப்படி நம்புவார்? உடன்பிறப்புகளை வைத்து எழுதிய ஒவ்வொரு காதல் கதையையும் இந்தக் கேள்விக்கு எழுத்தாளர் சொன்ன பதிலாகத்தான் நான் வாசிக்கிறேன். சேர்ந்த ஜோடியை யாரும் நன்றாக எழுதிவிடுவார்கள். சேராமல் போனவரை என்ன செய்தார் என்று பார்த்தால் எழுத்தாளரின் தரம் தெரிந்துவிடும்.

லேயாளிடம் யாரும் கேட்கவில்லை

இந்தச் சிக்கலின் மிகப் பழைய வடிவங்களில் ஒன்று பைபிளின் ஆதியாகமத்தில் இருக்கிறது. யாக்கோபு ராகேலை விரும்பி, அவளுக்காக மாமன் லாபானிடம் ஏழு வருடம் வேலை செய்கிறான். மணநாள் இரவில் லாபான் மூத்தவள் லேயாளை அனுப்பிவிடுகிறான். விடிந்தபிறகுதான் யாக்கோபுக்கு விஷயம் தெரிகிறது. ஒரு வாரம் கழித்து ராகேலும் மனைவியாகிறாள்; அதற்கு விலை இன்னொரு ஏழு வருட உழைப்பு. அதற்குப் பின் நடப்பது சகோதரிகள் இருவரின் வரவு செலவு. லேயாளுக்கு வரிசையாகப் பிள்ளைகள், ராகேலுக்குக் கணவனின் அன்பு. ஒருத்தியிடம் இருப்பதுதான் மற்றவளுக்கு வேண்டும். ஏமாற்றப்பட்டவன் யாக்கோபு என்று கதை அவன் பக்கம் நின்று சொல்கிறது. முகத்தை மூடிக்கொண்டு தங்கையின் இடத்துக்குப் போகும்படி அனுப்பப்பட்ட லேயாள் அன்றிரவு என்ன நினைத்தாள் என்பதற்கு ஒரு வரிகூடக் கிடையாது.

பின்னால் வரும் லேவியராகமம் (18:18), மனைவி உயிரோடிருக்கும்போது அவளுக்குப் போட்டியாக அவள் சகோதரியை மணக்கக் கூடாது என்கிறது. சரி, மனைவி இறந்துவிட்டால்? இந்தக் கேள்வி 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தை எழுபது வருடங்களுக்கு மேல் சண்டை போட வைத்தது. 1835 வரை இப்படிப்பட்ட திருமணத்தை யாராவது வழக்குப் போட்டால்தான் ரத்து செய்ய முடியும். ஆங்கில நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டினின் கடைசித் தம்பி சார்ல்ஸ், மனைவி ஃபேனி இறந்தபின் அவள் சகோதரி ஹாரியட்டை 1820இல் மணந்தது அந்தக் காலத்தில்தான். 1835ஆம் வருடச் சட்டம் அதன்பிறகு நடக்கும் அத்தகைய திருமணங்கள் அடியோடு செல்லாது என்றது. ஓவியர் ஹோல்மன் ஹன்ட் இறந்த மனைவியின் சகோதரியை மணக்க 1875இல் சுவிட்சர்லாந்துக்குப் போகவேண்டியிருந்தது. சட்டத்தை மாற்றும் மசோதா திரும்பத் திரும்ப நாடாளுமன்றத்துக்கு வந்து தோற்றதால், 1882இல் அரங்கேறிய ‘அயோலாந்தே’ என்ற நகைச்சுவை இசை நாடகம் அதை வருடாவருடம் வரும் கொப்புளம் என்று கிண்டல் செய்தது. 1907இல்தான் அனுமதி கிடைத்தது. அண்ணன் தம்பியின் விதவையை மணக்க 1921 வரை பொறுக்க வேண்டியிருந்தது.

சட்ட வரலாறு இங்கே எதற்கு என்றால், எதிர்த்தவர்கள் வைத்த வாதம் ஒரு நாவலாசிரியர் யோசித்ததுபோலவே இருக்கும். கல்யாணமாகாத சகோதரி அக்கா வீட்டில் தங்கி, குழந்தைகளை வளர்த்து, வீட்டு மனுஷியாக இருப்பது அன்றைக்குச் சாதாரணம். சட்டம் அவளை அந்த வீட்டுக்காரருக்கும் சகோதரி என்று வைத்திருப்பதால்தான் அவள் அங்கே நிம்மதியாக இருக்க முடிகிறது. கதவைத் திறந்துவிட்டால் ஒவ்வொரு மனைவியும் தன் தங்கையைச் சந்தேகத்தோடு பார்ப்பாள் என்றார்கள். டைனா கிரெய்க் 1871இல் ‘ஹன்னா’ என்ற நாவலை இந்தச் சட்டத்துக்கு எதிராகவே எழுதினார். தடையை நீக்கினால் பொறாமை வரும் என்பது ஒரு கட்சி. தடை இருப்பதாலேயே, இருக்கிற அன்பை ஒளித்து வைக்கவேண்டியிருக்கிறது என்பது இன்னொரு கட்சி. இன்றைய நாவல்களிலும் இந்த இரண்டு கட்சிகளும்தான் வேஷம் மாற்றிக்கொண்டு வருகின்றன.

ஏன் இவ்வளவு வலிக்கிறது

அமெரிக்க சமூக உளவியலாளர் ஏப்ரகாம் டெஸ்ஸர் 1980களில் ஒப்பீட்டு வலியைப் பற்றி ஒரு விளக்கம் தந்தார். நமக்கு நெருக்கமான ஒருவர் ஏதோ ஒன்றில் நம்மை மிஞ்சும்போது, அந்த விஷயம் நமக்கு முக்கியமில்லை என்றால் அவரால் பெருமைப்படுவோம். முக்கியம் என்றால் சுருண்டுபோவோம். நெருக்கம் கூடக்கூட பெருமையும் கூடும், வலியும் கூடும். முன்பின் தெரியாதவள் அழகாக இருந்தால் நமக்கென்ன? ஒரே கண்ணாடியில் தலை வாரியவள் அழகாக இருந்தால் கணக்கு வேறு.

இந்த வலியிலிருந்து தப்ப மனிதர்கள் மூன்று வழிகளில் போவார்கள் என்பது டெஸ்ஸரின் அடுத்த கட்டம். உறவின் நெருக்கத்தைக் குறைத்துக்கொள்வது. அந்த விஷயமே தனக்கு முக்கியமில்லை என்று ஆக்கிக்கொள்வது. இடைவெளியைச் சரிசெய்வது, அதாவது தான் உயர்வது அல்லது மற்றவரைக் கீழே இழுப்பது. காதல் நாவல்களில் வரும் சகோதரிகளை இதில் பொருத்திப் பார்த்தால் பெரும்பாலும் அடங்கிவிடுகிறார்கள். வேலை கிடைத்ததென்று தூரதேசம் போகிற அக்கா முதல் வழி. ‘எனக்குக் கல்யாணத்திலேயே விருப்பமில்லை, படிக்கப் போகிறேன்’ என்கிறவள் இரண்டாவது. கடிதத்தை ஒளித்துவைப்பவள் மூன்றாவது. கதாசிரியர்கள் உளவியல் படித்து எழுதவில்லை. வீட்டுக்குள் இருக்கும் வழிகளே இவ்வளவுதான்.

ஒரு விஷயத்தில் மட்டும் நாவல்களை நம்ப வேண்டாம். மூத்தவர் பொறுப்பானவர், இளையவர் துடுக்கானவர், நடுவில் பிறந்தவர் கவனிப்பாரற்றவர் என்ற வார்ப்பு காதல் கதைகளில் சட்டம்போல நிற்கிறது. அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி மூன்று நாடுகளிலும் சேர்த்து இருபதாயிரம் பேருக்கு மேல் எடுத்த தரவுகளை வைத்து 2015இல் வெளியான ஆய்வு, பிறந்த வரிசைக்கும் ஆளுமைக்கும் தொடர்பு ஏறக்குறைய இல்லை என்றே கண்டது. வார்ப்பு வசதியானது, அதனால் நிலைத்துவிட்டது. மூத்தவளைப் பொறுப்பானவள் என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிட்டால், நூறு பக்கம் கழித்து அவளை விட்டுக்கொடுக்க வைக்க ஒரு காரணம் தயாராக இருக்கும்.

பேசாத அண்ணன்கள்

நம் அகப்பாடல்களில் உடன்பிறந்தவர் இருக்கிறார், ஆனால் அவருக்கு வாய் கிடையாது. தொல்காப்பியச் செய்யுளியல், ஊரும் அயலும் தந்தையும் தமையனும் சொன்னதாக மற்றவர் எடுத்துச் சொல்லலாமே தவிர அவர்களுக்குத் தனியாகக் கூற்று இல்லை என்று விதிக்கிறது. தலைவிக்காகப் பேசுகிற வேலை தோழியுடையது. அவள் செவிலியின் மகள், தலைவியோடு ஒரே மடியில் வளர்ந்தவள். ரத்தம் மட்டுமில்லாத சகோதரி என்று சொல்லிவிடலாம். காதலுக்கு உதவும் உடன்பிறப்பு, காதலைத் தடுக்கும் உடன்பிறப்பு என்ற இரண்டு வேலைகளைப் பிரித்து, முதலாவதைத் தோழிக்கும் இரண்டாவதை அண்ணன்மார்க்கும் கொடுத்திருக்கிறார்கள்.

அண்ணன்மார் எப்படித் தடுக்கிறார்கள் என்பதற்குக் கலித்தொகையின் 39ஆம் பாட்டைப் பார்க்கலாம். தங்கையின் காதல் தெரியவந்ததும்,

தெரிகணை நோக்கிச் சிலைநோக்கிக் கண்சேந்து
ஒருபகல் எல்லாம் உருத்தெழுந்து ஆறி
இருவர்கண் குற்றமும் இல்லையால் என்று
தெருமந்து சாய்த்தார் தலை

அம்பைப் பார்க்கிறார்கள், வில்லைப் பார்க்கிறார்கள், கண் சிவக்கிறது. ஒரு பகல் முழுக்கக் கொதிக்கிறார்கள். பிறகு ஆறி, இரண்டு பேர் மீதும் குற்றமில்லை என்று தலையைச் சாய்க்கிறார்கள். நான்கு வரியில் ஒரு குடும்ப நாவலே இருக்கிறது. வில்லை எடுக்கவில்லை, பார்க்க மட்டும் செய்தார்கள் என்பதை நான் முக்கியமாக நினைக்கிறேன். கோபம் ஆறும் அந்தப் பகலில் அண்ணன் தம்பிகள் தங்களுக்குள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை எழுத இலக்கண விதி இடம் தரவில்லை. பின்னால் வந்த நாவல் அந்த ஒரு பகலைத்தான் முந்நூறு பக்கங்களாக விரித்தது. இன்றைய ரொமான்ஸ் சந்தையில் ‘அண்ணனின் நண்பன்’ என்றே ஒரு தனிப் பிரிவு ஓடுகிறது. அதிலும் இதே அண்ணன்தான்: முதலில் முறைப்பு, ஒரு கைகலப்பு, பிறகு தலை சாய்ப்பு. வித்தியாசம், இங்கே அவன் இழப்பது தங்கையை மட்டுமல்ல, தன்னிடம் ஒளித்த நண்பனையும்.

நற்றிணையில் (172) இன்னும் விசித்திரமான சகோதரி ஒருத்தி இருக்கிறாள். அவள் ஒரு புன்னை மரம். சிறு வயதில் மணலில் புதைத்த விதை முளைத்து, நெய்யும் பாலும் ஊற்றி வளர்த்தது. இது உன்னைவிடச் சிறந்தது, உன் உடன்பிறந்தவள் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அதனால் இதன் நிழலில் உன்னோடு சிரித்து விளையாட வெட்கமாக இருக்கிறது என்று தலைவனிடம் சொல்லப்படுகிறது. காதலரின் தனிமையைக் கெடுக்க உடன்பிறப்பு வாய் திறக்கக்கூட வேண்டாம், நின்றால் போதும்.

சொத்தும் காதலும் ஒரே காயம்

சகோதரர்கள் மோதும் கதைகளில் காதல் தனியாக வருவது அபூர்வம்; சொத்தைக் கையோடு கூட்டிக்கொண்டுதான் வரும். இங்கிலாந்தில், உயில் இல்லாவிட்டால் நிலம் மூத்த மகனுக்கே என்ற விதி 1925ஆம் வருடச் சட்டத்தில்தான் நீங்கியது. மூத்தவன் வீட்டை ஆள்வான், இளையவன் ராணுவத்துக்கோ தேவாலயத்துக்கோ போவான் என்ற ஏற்பாட்டில் பெண்ணின் காதல் யார் பக்கம் சாய்கிறது என்பது பணக் கணக்காகவும் ஆகிவிடுகிறது.

ஆஸ்டினின் ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’ (1811) இதைக் கேலியாகவே காட்டும். எட்வர்ட் ஃபெரர்ஸ் ரகசியமாக லூசி ஸ்டீலுக்கு வாக்குக் கொடுத்து மாட்டிக்கொண்டவன். விஷயம் வெளியானதும் அம்மா அவனை ஒதுக்கிவிட்டுச் சொத்தைத் தம்பி ராபர்ட்டுக்கு எழுதிவைக்கிறாள். லூசியும் தம்பியிடம் போய்விடுகிறாள். அண்ணன் விடுதலையாகி, தான் உண்மையில் விரும்பும் நாயகி எலினாரை மணக்கிறான். தம்பி காதலியைப் பறித்துக்கொண்டது அண்ணனுக்குச் செய்த மிகப்பெரிய உபகாரமாக முடிகிற கதை வேறு எங்கேயும் இவ்வளவு குறும்பாக வந்ததில்லை.

அதற்கு அறுபது வருடம் முந்தைய சாமுவேல் ரிச்சர்ட்சனின் ‘கிளாரிஸா’வில் (1748) சிரிக்க எதுவும் இல்லை. லவ்லேஸ் முதலில் அக்கா அரபெல்லாவைப் பார்க்கத்தான் அந்த வீட்டுக்கு வருகிறான். பிறகு தங்கை கிளாரிஸா பக்கம் திரும்பிவிடுகிறான். அண்ணன் ஜேம்ஸுக்கு அவனோடு பழைய பகை. தாத்தா தன் எஸ்டேட்டைக் கிளாரிஸாவுக்கு எழுதிவைத்துவிட்டார் என்ற புகைச்சல் இருவருக்கும் பொது. தனித்தனியாக இருந்தால் அடங்கிப்போயிருக்கக்கூடிய இந்தக் கோபங்கள் ஒன்று சேர்ந்துகொண்டு, பிடிக்காத ஒருவனுக்கு அவளைக் கட்டிவைக்கப் பார்க்கின்றன. அவள் வீட்டைவிட்டு ஓடுவதும், ஓடிய இடத்தில் அழிவதும் அதன் விளைவு. வில்லன் லவ்லேஸ்தான், சந்தேகமில்லை. ஆனால் அவன் பக்கம் அவளைத் தள்ளிவிட்டது கூடப்பிறந்தவர்கள்.

இருபதாம் நூற்றாண்டில் சொத்தின் இடத்துக்குத் தொழில் வந்தது. 1953இல் நாடகமாக வந்து அடுத்த வருடம் படமான ‘சப்ரீனா’வில், தம்பி டேவிட்டின் பணக்காரக் கல்யாணம் கெட்டுவிடாமல் இருக்க தம்பி மயங்கிய ஏழைப் பெண் சப்ரீனாவிடம் அண்ணன் லைனஸ் தானே அன்பு காட்டுவதுபோல நடிக்கிறான்; நடிப்பு நிஜமாகிவிடுகிறது. அண்ணனைச் சீண்டி, ஒரு குத்து வாங்கிக்கொண்டு, அவன் மனதை அவனுக்கே உணரவைத்து, அவளைத் தேடி அனுப்புவது தோற்ற தம்பிதான். கதைகளில் அண்ணன் தம்பி சண்டை இப்படி ஒரு குத்தில் தீர்ந்துவிடுகிறது. அக்கா தங்கை சண்டைக்கு மட்டும் பத்து வருட மௌனம் விதிக்கப்படுகிறது. இதில் உண்மை எவ்வளவு, எழுத்து வழக்கம் எவ்வளவு என்று யாராவது உட்கார்ந்து ஆராயலாம்.

ரத்தத்தில் தண்ணீர் கலப்பது

இந்தக் கதைகளை வரிசையாகப் பார்த்தால் எழுத்தாளர்களின் ஒரு தந்திரம் கண்ணில் படுகிறது. நேருக்கு நேர் உடன்பிறந்தவர்களை மோதவிடப் பலருக்கும் கை நடுங்குகிறது. அதனால் உறவை ஒரு படி நீர்க்கச் செய்கிறார்கள். சிண்டரெல்லாவுக்கு மாற்றாந்தாய் மகள்கள். தாகூரின் ‘நஷ்டநீட்’ (1901) கதையில் சாருலதாவின் மனம் சாயும் அமல், கணவனின் சொந்தத் தம்பி அல்ல, ஒன்றுவிட்ட தம்பி. எடித் வார்ட்டனின் ‘தி ஓல்ட் மெய்ட்’ (1924) குறுநாவலில் ஒருவனை விரும்பிய இரு பெண்களும் ஒன்றுவிட்ட சகோதரிகள். கல்கியின் ‘அலை ஓசை’யில் லலிதாவைப் பார்க்க வந்த சௌந்தரராகவன் சீதாவைத் தேர்ந்தெடுக்கிறான், லலிதா அவளுக்கு மாமன் மகள்.

அமெரிக்க ரொமான்ஸ் எழுத்தாளர் ஜூலியா குயின் 2004இல் எழுதிய நாவலில் மைக்கேல் பல வருடம் மனதுக்குள் விரும்பிய ஃபிரான்செஸ்கா, அவன் கூடவே வளர்ந்த ஜானின் மனைவி. ஜான் இறந்ததும் பட்டமும் வீடும் மைக்கேலுக்கு வந்துவிடுகின்றன. அவளையும் எடுத்துக்கொண்டால் செத்தவனிடமே திருடியதாகும் என்று அவன் ஓடுகிறான். வலி முழுக்க அண்ணன் தம்பி வலிதான். ஆனால் ஜான் ஒன்றுவிட்ட சகோதரன். கதை நடப்பது 1820களில். சொந்தச் சகோதரனின் விதவை என்றால் அந்தக் கல்யாணம் அன்றைய இங்கிலாந்தில் தடைப்பட்ட உறவுக்குள் போயிருக்கும், நாவலின் இனிய முடிவும் நீதிமன்றத்தில் ஆடிப்போயிருக்கும்.

தண்ணீர் கலப்பதால் என்ன லாபம்? வாசகரின் மனசாட்சிக்கு ஒரு சமாதானம் கிடைக்கிறது. ‘சொந்தத் தங்கையா என்ன?’ என்று நினைத்துக்கொண்டு ஜோடி சேர்வதை ரசிக்கலாம். நஷ்டமும் உண்டு. நீர்த்த உறவில் தோற்றவரின் வலியும் நீர்த்துவிடுகிறது.

தியாகம் என்ற கெட்ட பழக்கம்

நீர்க்கச் செய்யாமல் எழுதத் துணிந்தவர்களிடம் அடுத்த ஆபத்து தியாகம். அக்கா மனதை மறைத்துக்கொண்டு காதலனைத் தங்கைக்கு விட்டுக்கொடுப்பாள். வாசகர் கண்ணைத் துடைத்துக்கொள்வார். ஆசிரியருக்கு வேலை முடிந்தது. எனக்கு இந்த முடிவு பிடிப்பதே இல்லை. விட்டுக்கொடுக்கப்பட்ட ஆணிடமோ, வாங்கிக்கொள்ளும் தங்கையிடமோ யாரும் சம்மதம் கேட்பதில்லை. லாபான் செய்ததற்கும் இதற்கும் என்ன பெரிய வித்தியாசம்?

எடித் வார்ட்டன் 1892இல் எழுதி 1916இல்தான் வெளிவந்த ‘பன்னர் சிஸ்டர்ஸ்’ இந்தத் தியாகத்தைத் தோலுரித்துக் காட்டுகிறது. ஒரு சின்னக் கடை நடத்தி வாழும் இரண்டு சகோதரிகள். கடிகாரம் பழுதுபார்க்கும் ரேமி என்பவன் அறிமுகமாகிறான். இருவருக்கும் அவன்மேல் ஆசை. மூத்தவள் ஆன் எலைசா மனதை அடக்கிக்கொள்கிறாள். அவன் அவளிடமே கேட்டபோதும் மறுத்து, தங்கை எவெலினா பக்கம் திருப்பிவிடுகிறாள். கேட்க நன்றாக இருக்கிறது. அவன் போதைக்கு அடிமை. எவெலினா அடிபட்டு, எல்லாம் இழந்து, நோயாளியாகத் திரும்பி வந்து சாகிறாள். தான் துறந்தது தங்கைக்கு வரமாகப் போகும் என்று நம்பிய ஆன் எலைசாவுக்கு, துறவுக்கு அப்படியொரு பலன் எழுதிவைக்கப்படவில்லை என்று புரிகிறது. இந்த நூறு பக்கங்களைப் படித்தபின் தியாகச் சகோதரிகளைப் பழைய மாதிரி ரசிக்க முடியவில்லை.

தாகூரின் ‘துய் போன்’ (1933) வேறு திசையில் போகிறது. சர்மிளா நோயில் விழுகிறாள். வீட்டைப் பார்த்துக்கொள்ளத் தங்கை ஊர்மிமாலா வருகிறாள். கணவன் சசாங்கன் அவள் துள்ளலில் மயங்கித் தொழிலைக் கோட்டைவிடுகிறான். படுக்கையிலிருந்தபடி சர்மிளாவுக்கு எல்லாம் தெரிகிறது. சாகத்தானே போகிறோம், இவள் கையில் ஒப்படைத்துவிட்டுப் போகலாம் என்று மனதைத் தயார் செய்கிறாள். தாகூர் அங்கேதான் ஒரு குண்டு போடுகிறார்: சர்மிளா பிழைத்துக்கொள்கிறாள். சாகப்போகிறவளின் பெருந்தன்மை வேறு, நாளை காலை எழுந்து அதே வீட்டில் அவர்களோடு சாப்பிட உட்காரவேண்டியவளின் பெருந்தன்மை வேறு. மற்ற எழுத்தாளர்கள் அக்காவைக் கொன்று தப்பித்த இடத்தில் தாகூர் அவளை உயிரோடு நிறுத்தி, இப்போது என்ன செய்வாய் என்று மூன்று பேரையும் பார்க்கிறார். கடைசியில் ஊர்மிமாலா ஒரு கடிதம் எழுதிவைத்துவிட்டு வெளிநாடு போய்விடுகிறாள். அந்த முடிவு கொஞ்சம் அவசரமானது என்பது என் எண்ணம். வழக்கமான கப்பல்தானே! ஆனால் அதற்கு முந்தைய பக்கங்களின் துணிச்சல் அதனால் குறைந்துவிடவில்லை.

கல்யாணத்தில் அழுகிற இன்னொருத்தி

இதுவரை பேசியது காதலனை உடன்பிறப்பிடம் இழப்பது. இதற்கு நேர் எதிரான ஒரு முறிவு இருக்கிறது, ரொமான்ஸ் நாவல்கள் அதை அதிகம் கண்டுகொள்வதில்லை: உடன்பிறப்பைக் காதலனிடம் இழப்பது.

லூயிசா மே ஆல்காட்டின் ‘லிட்டில் விமன்’ (முதல் பாகம் 1868, இரண்டாம் பாகம் 1869) படித்தவர்கள் இன்றுவரை சண்டை போடுவது நான்கு சகோதரிகளில் இரண்டாமவளான ஜோவும் பக்கத்து வீட்டு லாரியும் ஏன் சேரவில்லை என்பதற்காக. முதல் பாகம் வந்ததுமே பெண்கள் கடிதம் எழுதிக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். யாரையும் திருப்திப்படுத்த ஜோவை லாரிக்குக் கட்டிவைக்கமாட்டேன் என்று ஆல்காட் நாட்குறிப்பில் எரிச்சலோடு குறித்துவைத்தார். லாரி பின்னால் மணப்பது கடைசித் தங்கை ஏமியை. சிறு வயதில் கோபத்தில் ஜோவின் கையெழுத்துப் பிரதியைத் தீயிலிட்டவள் இந்த ஏமிதான். போட்டிக் கதைக்கு இதைவிட நல்ல விறகு கிடைக்காது. ஆனால் ஆல்காட் அதைப் பற்றவைக்கவில்லை. ஜோவின் மனம் உடைவது வேறு இடத்தில். மூத்தவள் மெக்குக்கு ஒருவன் வந்துவிட்டான் என்று தெரிந்ததும், என்னால் முடிந்தால் நானே அவளைக் கட்டிக்கொண்டு வீட்டோடு வைத்துக்கொள்வேன் என்கிறாள். சிரிப்பு வரும் வரிதான். ஜோவுக்கு அது சிரிப்பில்லை. நாலு பேர் சேர்ந்து ஆடிய நாடகம், எழுதிய பத்திரிகை, பரண்மேல் உலகம் எல்லாம் ஒருவன் வாசலில் வந்து நின்றதால் முடியப்போகிறது.

‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’யை மறுபடி எடுத்தால் அங்கேயும் கதையின் இதயம் ஆண்களிடம் இல்லை. லூசி தன் ரகசிய நிச்சயத்தை எலினாரிடமே சொல்லி வாயைக் கட்டிவிடுகிறாள். நான்கு மாதம் எலினார் அதை மனதுக்குள் வைத்துக்கொண்டு, வில்லோபியிடம் ஏமாந்து அழும் தங்கை மேரியானுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்கிறாள். உனக்கென்ன தெரியும், நீ சந்தோஷமாக இருக்கிறாய் என்று மேரியான் அவளையே குத்திக்காட்டுகிறாள். உண்மை வெளியான நாளில் தங்கை கூசிப்போகிற காட்சியும், பின்பு மேரியான் காய்ச்சலில் சாவின் விளிம்புவரை போகும்போது எலினார் விழித்திருக்கும் இரவும் இரண்டு கல்யாணங்களையும்விட ஆழமாக எழுதப்பட்டவை. போட்டியே இல்லாத சகோதரிகளுக்குள்ளும், யாருடைய துக்கம் பெரியது என்ற கேள்வியில் ஒரு போட்டி ஒளிந்திருக்கிறது என்பதை ஆஸ்டின் கண்டுபிடித்துவைத்தார்.

அடுத்த புத்தகத்தில் உனக்கு

இன்றைய ரொமான்ஸ் இந்தத் தலைவலிக்கு ஒரு தொழில்முறைத் தீர்வு வைத்திருக்கிறது. குடும்பத் தொடர். ஜூலியா குயினின் பிரிட்ஜர்ட்டன் வீட்டில் எட்டுப் பிள்ளைகள், ஆங்கில எழுத்து வரிசைப்படி பெயர்கள், 2000 முதல் 2006 வரை ஆளுக்கொரு புத்தகம். ஒரு புத்தகத்தில் ஓரமாக நின்று கேலி பேசும் தம்பி, அடுத்ததில் நாயகன். இந்த அமைப்பில் உடன்பிறப்பு வில்லனாகவே ஆக முடியாது. நாளைக்கு அவன் கதையையும் விற்க வேண்டுமே! முந்தைய ஜோடி பிள்ளைகுட்டியோடு வந்து முகம் காட்டிவிட்டுப் போவது வாசகருக்குக் கிடைக்கும் உபரி. தோற்றவர் என்று யாருமில்லை, வரிசையில் நிற்பவர்கள்தான் உண்டு.

இரண்டாவது புத்தகத்தில் (2000) மூத்தவன் ஆன்டனி, எட்வினாவைப் பெண் கேட்கப் போய், தடுக்க வந்த அவள் அக்கா கேட்டிடம் விழுந்துவிடுகிறான். இங்கேயும் தண்ணீர் கலந்திருக்கிறது: அவர்கள் அப்பா மட்டும் ஒன்றான சகோதரிகள். எட்வினாவுக்கு அவன்மேல் காதல் ஏதும் இல்லை, படிப்பாளி ஒருவன் அவளுக்குத் தயாராக இருக்கிறான். ஆக யாருக்கும் அடிபடவில்லை. 2022இல் வந்த இணையத் தொடரின் இரண்டாம் பருவம் அந்தப் பாதுகாப்பை எடுத்துவிட்டது. எட்வினா உண்மையாகவே ஆசை வைக்கிறாள். நிச்சயமாகி, மணமேடைவரை வந்தபிறகுதான் ஆன்டனியின் கண் அக்காவிடம் இருப்பதைப் பார்க்கிறாள். நாவலின் ரசிகர்கள் பலர் இந்த மாற்றத்தைக் குறை சொன்னார்கள். காதல் ஜோடிக்கான நேரத்தை முக்கோணம் தின்றுவிட்டது என்று. குறை நியாயமானதுதான். ஆனால் கேட் செய்ததற்கு ஒரு விலை இருக்கிறது என்பதும், அதை எட்வினா தன் வாயால் அக்காவின் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும் என்பதும் நாவலில் இல்லாத கனத்தைத் தொடருக்குக் கொடுத்தன. எனக்கு என்ன நல்லது என்று நீயே முடிவு செய்தாய் என்ற அந்தக் கோபம், பன்னர் வீட்டு எவெலினா கடைசிவரை சொல்லாமல் போன ஒன்று.

எட்டுப் பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு புத்தகம் வந்துவிட்டது. எட்வினா அந்தக் குடும்பப் பெயர் இல்லாதவள், அவளுக்கு இல்லை.